பிரேக்குக்குள் ஒளிந்த காற்று

"அழுத்து!" என்றார் மாமா, ஜீப்புக்கு அடியிலிருந்து.

குண்டூசி சீட்டின் நுனிக்கு நகர்ந்து, பிரேக் பெடலை முழுப் பலத்தோடு அழுத்தினாள்.

"பிடி... பிடி... ம், விடு!"

விட்டாள். இது நாற்பத்தோராவது தடவை. பெடல் இன்னும் பஞ்சுத் தலையணை மாதிரிதான் அமுங்கியது.

ஆள் ஒல்லி, கேட்கும் கேள்வியோ சுருக்கென்று குத்தும். அதனால் இந்தப் பத்து வயதுக்காரிக்குக் கிடைத்த பெயர்தான் குண்டூசி.

ஜீப் அம்மாவுடையது. அம்மா கால்நடை மருத்துவர். ஓடையைத் தாண்டி மேட்டில் இருக்கும் ஆட்டுப் பட்டிகளுக்கு வேறு எந்த வண்டியும் போகாது. போன மாதம் ஓடையைக் கடந்ததும் ஒரு வழுக்குச் சரிவில் அம்மா பிரேக் போட்டார். முன் சக்கரங்கள் பிடித்தன. பின் சக்கரங்கள் காது கேட்காததுபோல் சுற்றிக்கொண்டே இருந்தன. ஜீப் சறுக்கிப் போய், ஒரு புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

பக்கத்து சீட்டில் இருந்த குண்டூசிக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால், வண்டி நின்ற பிறகும் அம்மா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் மாமா பின்னாடி மட்டும் பிடிக்கல?" என்று, போன வாரம் வண்டியைப் பார்க்க மாமா வந்தபோது கேட்டாள்.

மாமா பின் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். "இது டிரம் பிரேக். மூடி போட்ட பாத்திரம் மாதிரி. உள்ள ரெண்டு பிரேக் கட்டை இருக்கு. பெடலை மிதிச்சா ரெண்டும் விரிஞ்சு, உள்சுவரைத் தேய்ச்சு நிறுத்தும். இதுக்குள்ள ஓடைத் தண்ணி புகுந்தா?"

"சீக்கிரம் வெளிய வராது."

"அதான். ஈரச் சோப்பு மாதிரி வழுக்கும்."

"முன்னாடி இருக்கறது?"

மாமா ஒரு சாப்பாட்டுத் தட்டை விரல் நுனியில் சுழற்றினார். "நிறுத்து பாப்போம்."

குண்டூசி தட்டின் விளிம்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கவ்விப் பிடித்தாள். தட்டு நின்றது.

"அவ்வளவுதான் டிஸ்க் பிரேக். திறந்த தட்டு, அதைப் பிடிக்க ஒரு கவ்வி. தண்ணி பட்டாலும் சுத்துற வேகத்துல தெறிச்சுப் போயிடும். பின்னாடியும் இதையே மாட்டிடுவோம்."

மாமா சொன்னபடியே பழைய ஜீப் ஒன்றிலிருந்து இரண்டு தட்டுகளையும் இரண்டு கவ்விகளையும் கழற்றிக்கொண்டு வந்தார். நேற்று ஒவ்வொரு கவ்வியையும் அதற்குரிய சக்கரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, "நல்லா தேய்ச்சுக் கழுவு. மாறிடாம இடது, வலதுன்னு சாக்பீஸ்ல எழுதி வை" என்றார்.

குண்டூசி சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். குண்டு குண்டாக எழுதியும் வைத்தாள்.

இன்று எல்லாவற்றையும் மாட்டியாகிவிட்டது. மிச்சம் ஒரு வேலைதான்: குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது.

பெடலிலிருந்து கவ்வி வரைக்கும் குழாய் முழுக்க எண்ணெய் இருக்கும். எண்ணெய் நசுங்காது. கால் கொடுக்கும் அழுத்தத்தை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காற்று அப்படியில்லை, நசுங்கிக் கொடுக்கும். உள்ளே காற்று இருந்தால், கால் அழுத்துவதெல்லாம் அதை நசுக்குவதற்கே சரியாகப் போய்விடும். அதனால் ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கவ்வியில் இருக்கும் குட்டி மூக்கைத் திறந்து மூட வேண்டும். எண்ணெயோடு காற்றும் குமிழ்குமிழாக வெளியே வரும்.

முதலில் குமிழ்கள் வந்தன. அப்புறம் வரவே இல்லை. ஆனாலும் பெடல் இறுகவில்லை.

"நான் மூக்கை மூடறதுக்குள்ள காலை எடுத்துடறியா?"

"இல்ல மாமா. நீங்க விடுன்னு சொன்னாதான் விடறேன்."

அம்மா எட்டிப் பார்த்தார். "முப்பது வருஷ மெக்கானிக்! ஒரு காத்தைப் பிடிக்க முடியலையா அண்ணா?"

"எங்க டிப்போ பஸ்ஸுல காத்துதான் பிரேக்கே போடும். அங்க காத்து நமக்கு நண்பன், இங்க எதிரி. நான் என்ன பண்ணட்டும்?" மாமா துணியில் கையைத் துடைத்தார். "எண்ணெயைத் தள்ளுற பம்பு பழசாயிடுச்சு போல. புதுசு வர ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா? நாளைக்கு நூத்தி இருபது ஆட்டுக்குத் தடுப்பூசி! மருந்தெல்லாம் ஐஸ் பெட்டியில வந்தாச்சு." அம்மா ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தார். "நாலு தடவை மிதிச்சா பிடிக்குது. சமாளிச்சுக்கறேன்."

"சரிவுல நாலு தடவை மிதிக்க நேரம் இருக்குமாம்மா?" என்றாள் குண்டூசி.

மாமா பம்பைப் பற்றி விசாரிக்கப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அம்மா ஐஸ் பெட்டியைப் பார்க்க உள்ளே போனார்.

குண்டூசிக்கு நாக்கு வறண்டது. தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் குடித்தாள். மூடியபின் பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பினாள். உள்ளே இருந்த காற்று, குடுகுடுவென்று மேலே ஓடியது. நிமிர்த்தினாள். மறுபடி மேலே ஓடியது. எப்படித் திருப்பினாலும் காற்றுக்கு மாடிதான் வேண்டும்.

அவள் எழுந்துபோய் முன் சக்கரத்தின் அருகில் குந்தினாள். கவ்வியின் மூக்கு உச்சியில் இருந்தது. வானத்தைப் பார்த்தது.

பின் சக்கரத்துக்கு ஓடினாள். அங்கே மூக்கு அடியில் இருந்தது. தரையைப் பார்த்தது.

'காத்து மாடியில உக்காந்திருக்கு. நாம கீழ்வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, வா வான்னு கூப்பிடறோம்!'

சந்தோஷத்தில் கத்தப் போனவள், அப்படியே நின்றாள். இடப்பக்கக் கவ்வியின் மேல் அவளுடைய குண்டுக் கையெழுத்து: 'இடது'.

நேற்று எங்கே நின்று எழுதினாள்? ஜீப்புக்கு முன்னால், அதன் முகத்தைப் பார்த்தபடி. தன் இடக்கைப் பக்கம் கிடந்ததற்கு இடது என்று எழுதினாள். வண்டிக்கு இடது வலது என்றால், உள்ளே உட்கார்ந்து ஓட்டுபவரின் இடது வலதுதான். எதிரெதிரே நிற்கும் இருவருக்கு அது மாறிப்போகுமே!

பாட்டிலைப் பிடித்திருந்த கை ஈரமாக இருந்தது. ஒரு தேய்ப்பில் சாக்பீஸ் எழுத்து போய்விடும். மூக்கு கீழே இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். யார் எழுதினார்கள் என்று யார் நினைக்கப் போகிறார்கள்?

வாசலில் மாமாவின் குரல் கேட்டது. "ரெண்டு நாளா படுத்து எந்திரிச்சு முதுகே போச்சுங்க. என் தங்கச்சி பாவம்..."

குண்டூசி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"மாமா, போனை வைங்க. பம்பு நல்லாத்தான் இருக்கு. கவ்விங்கதான் பக்கம் மாறிடுச்சு. மூக்கு கீழே இருக்கு, காத்து மேலே இருக்கு." ஒரு மூச்சு எடுத்தாள். "மாத்தி எழுதினது நான்தான்."

மாமா குனிந்து பார்த்தார். எழுந்தார். மறுபடி குனிந்தார். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"நீ ஒரு தடவை மாத்தி எழுதின. நான் அந்த மூக்கை ரெண்டு மணி நேரமா நேருக்கு நேரா பாத்துட்டு இருந்தேனே, எனக்கு என்ன பேர் வைக்கிறது?"

"தண்டவாளம்?" என்றாள் குண்டூசி மெதுவாக.

"ஏன்?"

"குண்டூசிய விடப் பெரிசு. ஆனா குத்தாது."

"வாயைப் பாரு! போய் அந்த ஸ்பேனரை எடு."

மறுபடி கழற்றினார்கள். எண்ணெய் சிந்தியது. இரண்டு கவ்விகளையும் பக்கம் மாற்றி மாட்டினார்கள். இப்போது இரண்டு மூக்குகளும் வானத்தைப் பார்த்தன.

"அழுத்து! பிடி!"

மூக்கு வழியாகக் குமிழ்கள் வரிசையாக வந்தன, பள்ளிக்கூடம் விட்டதுபோல. பதினைந்தாவது தடவையில் பெடல் பாறையாக இறுகியது. குண்டூசி சீட்டிலிருந்து எழுந்து பெடல் மேல் நின்றே பார்த்துவிட்டாள். ம்ஹூம், இறங்கவில்லை.

மறுநாள் விடுமுறை. அம்மாவின் பக்கத்தில் குண்டூசி, பின்னால் மாமாவும் ஐஸ் பெட்டியும். ஜீப் ஓடைக்குள் இறங்கியது. தண்ணீர் சக்கரம் முழுக்கப் புகுந்து வெளியேறியது. அதே வழுக்குச் சரிவு வந்தது. கிளை ஒடிந்த அதே புதர்.

அம்மா பிரேக்கை மிதித்தார். ஒரே தடவை.

ஜீப் நின்றது. புதருக்கும் ஜீப்புக்கும் நடுவே ஒரு ஆட்டு மந்தையே போகும் அளவுக்கு இடம் இருந்தது.

அம்மா உடனே ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். அவர் குனிந்து மகளின் காலைப் பார்த்தார். அது பெடலே இல்லாத இடத்தில் தரையை இறுக்கி அழுத்திக்கொண்டிருந்தது.

"நின்னாச்சுடி. காலை எடு."

குண்டூசி மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"விடு!" என்றார் மாமா.

அப்புறம்தான் அவள் காலை எடுத்தாள்.