ஒரே எண், இரண்டு திரை

பிஷ்கேக்கில் மே மாத மழை சொல்லிக்கொண்டு வராது. பெகிமாய் ஓடிப்போய், மக்சிம் என்ற தானியப் பானம் விற்கும் அக்காவின் பெரிய குடைக்கடியில் ஒதுங்கினாள். ஒரு கையில் மக்சிம் கோப்பை, மறு கையில் போன். போனில், இரண்டு மாதமாக அவள் நிரல் எழுதிக் கட்டிக்கொண்டிருக்கும் நாற்பது புதிர்களின் தொகுப்பு...

"அந்தக் கட்டத்துல கறுப்பு வராதே..."

பின்னாலிருந்து ஒரு விரல் நீண்டது. திரும்பினாள். நனைந்த முடி, சிரிக்கிற கண்கள்...

"உங்களைக் கேட்டேனா?"

"கேக்கலதான். இதே தொகுப்பை கம்ப்யூட்டருக்குக் கட்டுறவன் நான். ஒரே எண்ணைத் தட்டினா எல்லா மெஷின்லயும் ஒரே புதிர் வரணும். சோதிச்சுப் பாக்கலாமா?"

பதிலுக்குக் காத்திராமல் மக்சிம் பீப்பாய் மேல் லேப்டாப்பைத் திறந்தான். அவள் போனையும் வாங்கி, ஏதோ நீளமான எண்ணை இரண்டிலும் மளமளவென்று தட்டினான். இங்கே ஒரு புதிர், அங்கே வேறொரு புதிர்.

"பாத்தீங்களா! போனுக்குக் கட்டுறது 'பனிச்சிறுத்தை'ன்னு புனைபேர் வச்சுக்கிட்ட ஒரு ஆள். நிரல்ல தப்பிருக்குன்னு மூணு தடவை திருப்பி அனுப்பிட்டேன். தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்குது!"

பெகிமாய்க்குக் காது சூடானது. இணையத்தில் 'உலார்' என்ற புனைபெயரில் அவள் நிரலை மூன்று முறை மறுத்த ஆள் இவனா? ஏதோ தூரதேசத்துக் கிழவர் என்றல்லவா நினைத்திருந்தாள்...

"அந்த மூணு கால் முயல்காரி நான்தான்!"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டியா தம்பி?" அக்கா கோப்பைகளைக் கழுவியபடியே சிரித்தாள்.

பெகிமாய் போனைப் பிடுங்கிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். கோபம்தான்... ஆனால் யார் மேல்? கோபம் என்றால் அந்தக் கண்கள் ஏன் வீடுவரை கூடவே வருகின்றன? ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலை தன் நிரலை வரி வரியாகத் துழாவினாள். பழைய போன்களுக்காக அவளே சேர்த்த ஒரு வரி, நீளமான எண்களின் வாலை நறுக்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அவன் சொன்னதுதான் சரி! நான்காவது முறை அனுப்ப வேண்டுமானால், முதலில் தப்பு தன்னுடையது என்று அவனிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் மனம் இடம் கொடுக்கவில்லை.

வரியைத் திருத்திவிட்டு, அவன் நேற்றுத் தட்டி, போனில் பதிந்திருந்த எண்ணையே சோதிக்க எடுத்தாள். பன்னிரண்டு இலக்கம். 996-இல் ஆரம்பம்... ஊரில் எல்லா போன் எண்ணும் அப்படித்தானே ஆரம்பிக்கும்! வேண்டுமென்றே கொடுத்தானா? தற்செயலா? அந்த எண்ணையே அழைத்தாள்.

"தப்பு... என்னோடதுதான்."

"தெரியும்," என்றது அந்தக் குரல். "குடைகிட்டதான் நிக்கிறேன். வாங்களேன்..."

போனாள். மழை இன்னும் விடவில்லை. போனையும் லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதே எண்ணைத் தட்டினார்கள். இரண்டிலும் ஒரே புதிர்!

"வேணும்னேதான் உங்க நம்பரைத் தட்டினீங்களா?"

"எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச பெரிய எண் அது ஒண்ணுதான்..." என்று இழுத்தவன் தலையைக் குனிந்துகொண்டான். "பொய். வேணும்னேதான். பேரு மிர்லான். யாருன்னு தெரியறதுக்கு முன்னாடியே உங்களைப் பிடிச்சுப்போச்சு. தெரிஞ்சதுக்கப்புறம் இன்னும் பிடிக்குது... உங்க பக்கம் என்ன வருது?"

குழப்பமெல்லாம் எங்கே போயிற்றோ! பெகிமாய் திரையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

"இங்கயும் அதேதான் வருது..."