மென்று வைத்த ரொட்டி

ஃபெம்கே அந்தச் சிறிய பிரெஞ்சு ஊருக்கு வந்து சேர்ந்தது மார்ச் மாதத்து மத்தியானம் ஒன்றில். ஒற்றைப் பெட்டி ரயிலிலிருந்து அவள் மட்டும்தான் இறங்கினாள். தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லா ஜன்னல்களிலும் மரக்கதவுகள் சாத்தியிருந்தன. இந்த அமைதிக்காகத்தான் ரோட்டர்டாமை விட்டு வந்தாள். காப்பீட்டுக் கோப்புகளை எங்கிருந்து பார்த்தால் என்ன? கணவன் காலிசெய்துவிட்டுப் போன வீட்டில் இருந்துதான் பார்க்க வேண்டுமா?

வாடகைக்குப் பிடித்த கல்வீட்டில் வெளிச்சம் நன்றாக விழும் இடம் சமையலறை ஜன்னல் ஒன்றுதான். அங்கே கைவைத்த நாற்காலி ஒன்று முன்பே கிடந்தது. மடிக்கணினியோடு காலை எட்டுக்கு அதில் உட்கார்ந்தால் மாலை ஆறு வரை அசையமாட்டாள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வாய் லேசாகத் திறந்திருக்கும்.

எதிர்வரிசையில் ரொட்டிக்கடை வைத்திருந்த யுகெத் அவளைச் சீண்டாத நாளில்லை.

"பன்னெண்டு அடிச்சா ஊரே உக்காந்து சாப்பிடுது. நீ மட்டும் அந்தப் பொட்டிய மொறச்சுக்கிட்டு இருக்கே. டச்சுக்காரங்களுக்கு வயிறே கெடையாதா?"

"இருக்கு மதாம். நேரம்தான் இல்ல."

"நேரமில்லாதவ வந்து சேந்த ஊரப் பாரு!" யுகெத் குலுங்கிச் சிரித்தாள்.

மூன்றாவது வாரத்தில் அது தொடங்கியது. தட்டிலிருந்து ரொட்டித் துண்டை எடுத்தவளின் விரல்கள் நசநசவென்று உள்ளே போயின. காப்பியில் நனைந்திருக்கும் என்று தூர எறிந்தாள். மறுநாள் பன்றி இறைச்சித் துண்டு, சாம்பல் நிற உருண்டையாகக் கிடந்தது. அதிலிருந்து தட்டின் விளிம்புவரை எச்சில் நூல் ஒன்று தொங்கியது.

தொட்டுப் பார்த்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

பூனையாக இருக்கும் என்று ஜன்னலை அடைத்தாள். அதற்கடுத்த நாள் அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது திரையில் உடன் வேலை பார்க்கும் யூரியன் முகத்தைச் சுளித்தான்.

"யாருப்பா அது மைக் பக்கத்துல சப்புக் கொட்டித் திங்கிறது? கொமட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஃபெம்கே, உன்னோட மைக்தான்," என்றான் யூரியன்.

அவள் எதையும் தின்னவில்லை. அப்போதுதான் அவள் காதிலும் விழுந்தது. நாற்காலிக்குப் பின்னால், பல்லில்லாத ஈறுகள் நிதானமாக அரைக்கும் ஈரச் சத்தம். பூண்டும், ஊறிப்போன பழைய வாயும் கலந்த நாற்றம் பிடரியில் வந்து மோதியது.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீரைக்கூட மோந்து பார்த்துத்தான் குடித்தாள். இரண்டாம் நாள் தள்ளாடியபடி ரொட்டிக்கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த யுகெத்தின் கை அப்படியே நின்றது. எழுந்துபோய்க் கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீ இருக்கிற வீட்டுல முன்ன இருந்த மதாம் வியாலோட பொண்ணு நொயெமி," என்றாள் மெதுவாக. "பத்தொம்பது வயசுல கை கால் விழுந்துபோச்சு. மெல்ல முடியாது. முப்பது வருஷம், அந்த ஜன்னல் நாற்காலியில. அம்மாக்காரி எல்லாத்தையும் தன் வாயிலயே மென்னு மென்னு ஊட்டுவா, பல்லெல்லாம் கொட்டினப்புறமும் ஈறாலயே. என் ரொட்டியத்தான். பாக்கச் சகிக்காம நாங்க யாருமே அந்த வீட்டுக்குப் போறத விட்டுட்டோம்."

"அப்புறம்?"

"பொண்ணுதான் மொதல்ல செத்துப்போனா, அம்மாக்காரி அதுக்கப்புறந்தான். நாலு நாள் யாருக்கும் தெரியல. அம்மாக்காரி தெனமும் வந்து ரொட்டி வாங்கிட்டுப் போனா. எங்களுக்கு என்ன தெரியும்?" யுகெத் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அப்புறம் உள்ள போய்ப் பாத்தப்ப, அந்தப் பொண்ணு வாய் நெறைய... தொண்ட வரைக்கும்..."

துணியை வைத்தாள். பிறகு ஃபெம்கேயின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள்.

"நீ சாப்பிடாம இருக்காதம்மா. அது இன்னும் மோசம்."

ஃபெம்கே பெட்டி கட்டத்தான் திரும்பிப் போனாள். மணி ஒன்று. வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. அடுக்கி முடித்ததும் கண் இருட்டியது. ஒரு நிமிடம்தான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பின்மண்டையை ஓர் உள்ளங்கை தாங்கிக்கொண்டது.

இரண்டு விரல்கள் கன்னங்களை இருபுறமும் அழுத்தின. வாய் திறந்தது. கத்த முயன்றாள், அதற்குள் நாக்கின்மேல் அது வந்து விழுந்தது. வெதுவெதுப்பாக, கொழகொழவென்று, யாரோ ஒருத்தியின் எச்சிலில் கரைந்த ரொட்டி. நடுவே அரைபடாத மேல்தோல் ஒன்று. துப்ப முடியவில்லை. தாடை மூடப்பட்டது. ஒரு விரல் தொண்டையை மேலிருந்து கீழாக நீவிவிட்டது, பொறுமையாக, பழகிய கையாக.

அவள் விழுங்கினாள்.

அந்தக் கை அவள் தலைமுடியை ஒருமுறை கோதிவிட்டுப் போனது.

ரயில் கழிப்பறையில் ரத்தம் வரும்வரை நாக்கைச் சுரண்டிக்கொண்டே ரோட்டர்டாம் போய்ச் சேர்ந்தாள். அக்கா லோட்டெ தன் வீட்டில் இடம் கொடுத்தாள். ஃபெம்கே ஒரு மாதம் சூப் மட்டும் குடித்தாள், அதுவும் நின்றுகொண்டே. ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முறையாக மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை மென்றாள்.

"அப்பாடா, இப்பத்தான் மனுஷியா இருக்கே," என்று லோட்டெ சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏய், என்னடி அது?"

ஃபெம்கேயின் கீழுதடு தானாக ஒரு பக்கமாக இழுபட்டது. ஈரமான கட்டைவிரல் ஒன்று வாயோரத்தில் ஒட்டியிருந்ததை வழித்தெடுத்தது. விரல் அழுந்திக் கன்னத்தில் விழுந்த குழி மெல்லச் சமனானது.

அப்புறம், மிக அருகில், அந்த விரலை யாரோ சூப்பும் சத்தம்.