இருட்டில் நின்ற ரயில்

இரண்டாம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. விளக்கும் அணைந்தது. உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, வாலு என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி. இன்னொருவர், அவளுடைய பக்கத்து வீட்டுப் பாட்டி.

வாலு சுவரைத் தடவித் தடவி அவசர மணியை அழுத்தினாள். கீழிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறாராம், கதவில் மட்டும் கை வைக்கக் கூடாதாம்.

ஆனால் பாட்டிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கதவிடுக்கில் விரல்களை நுழைத்து இழுத்தார். வேண்டாம் என்று வாலு எவ்வளவோ கெஞ்சினாள். எதுவும் பாட்டியின் காதில் ஏறவில்லை.

மேலே, மூன்றாம் மாடியில் யாரோ கதவைத் தட்டினார்கள். பாட்டி வீட்டுத் தாத்தாதான். முழங்கால் வலியோடு வீட்டிலிருந்து ஓடி வந்திருந்தார். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அவர் பதறப் பதற, பாட்டி இன்னும் பலமாகக் கதவை இழுத்தார்.

அப்போதுதான் வாலுவுக்கு அவர்கள் வீட்டு பால்கனி நினைவுக்கு வந்தது. தினமும் சாயங்காலம் அங்கே இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு தாத்தாவும் பாட்டியும் கற்பனையிலேயே ரயில் பயணம் போவார்கள். மலை வரும், கடல் வரும். ஜன்னலோர இடத்துக்குச் சண்டைகூட வரும்.

"தாத்தா, வண்டி நின்னுடுச்சு. இது எந்த இடம்னு பாட்டிக்குச் சொல்லுங்க," என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

தாத்தா கதவைத் தட்டுவதை நிறுத்தினார். பிறகு தாத்தாவின் குரல் நடுங்கிக்கொண்டே வந்தது.

"சுரங்கப் பாதைம்மா இது. சிக்னல் விழல. அதான் நிக்குது."

"பொய் சொல்றீங்க," என்றார் பாட்டி. கை கதவிலேயே இருந்தது.

"உன்கிட்ட பொய் சொல்லி என்னைக்காவது தப்பிச்சிருக்கேனா? அந்தப் பக்கம் ஆறு இருக்கு. இறங்கிக் கால் நனைக்கலாம். அதுவரைக்கும் உட்காரு."

பாட்டியின் விரல்கள் மெல்ல விலகின. வாலு அவரைத் தரையில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாட்டி கேட்டார். முழங்கால் அளவு ஓடுகிறது என்றார் தாத்தா. செருப்பை யார் பார்த்துக்கொள்வது என்றாள் வாலு. அதற்குத்தானே உன்னைக் கூட்டி வந்தோம் என்று மேலிருந்து பதில் வந்தது. பாட்டி சிரித்துவிட்டார்.

திடீரென்று லிஃப்ட் மறுபடியும் குலுங்கியது. பாட்டி வாலுவின் விரல்களை நசுக்கியே விட்டார். ஆனால் கதவைத் தொடவில்லை.

விளக்கு எரிந்தது. லிஃப்ட் மெதுவாக மேலே ஏறி நிற்க, கதவு திறந்தது.

வாசலிலேயே தாத்தா நின்றிருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பாட்டியின் முகத்தை இரு கைகளாலும் தொட்டுப் பார்த்தார்.

"ரொம்ப பயந்துட்டியா?"

"நானா?" பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்தப் பொண்ணுதான் நடுங்கிட்டா."

வாலு சிவந்துபோன விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஆமா தாத்தா," என்றாள். "பாட்டி மட்டும் கூட இல்லேன்னா அழுதே இருப்பேன்."