தலைமையாசிரியர் கொடுத்த பிறந்தநாள்

அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் தெரிந்துகொள்ளும் ஆள் ஒருத்தி இருந்தாள். வயது பத்து. பேர் குடைச்சல்.

பெற்றவர்கள் வைத்த பேர் வேறு இருக்கத்தான் செய்தது. ஆனால் வகுப்பில் வருகை எடுக்கும்போது தவிர அது வெளியே வருவதில்லை. பால்காரரிடம் ஒருநாள், "மாட்டுக்கு மொத்தம் எத்தனை பல்லு?" என்று கேட்டாள். அவர் பதில் தெரியாமல் மாட்டிடமே திரும்பிப் போனார். அன்றிலிருந்து தெரு முழுக்க அவள் குடைச்சல்தான்.

அவளுடைய அம்மா தையல்காரி. அப்பா லாரி ஓட்டுகிறவர். பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அதனால் குடைச்சலின் கேள்விகளில் பெரும்பங்கு அம்மாவின் தலையில்தான் விழும்.

குடைச்சலின் பிறந்தநாள் கவுனுக்கு அம்மா ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி விழுந்தது.

"அம்மா, உன் பிறந்தநாள் எப்போ?"

"ஸ்கூல் திறக்கிற அன்னிக்கு."

"அன்னிக்கா நீ பிறந்தே?"

"நான் என்னிக்குப் பிறந்தேன்னு யாருக்குத் தெரியும்? எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் சீக்கிரமே போயிட்டாங்க. உன் மாமாதான் என்னை ஸ்கூல்ல சேர்க்கக் கூட்டிட்டுப் போனாரு. பிறந்த தேதி என்னன்னு ஹெட்மாஸ்டர் கேட்டதும் மாமா முழிச்சாரு. உடனே ஹெட்மாஸ்டர், 'வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடு'ன்னாரு. தொட்டேன். 'சரி, அஞ்சு வயசு ஆயிடுச்சு'ன்னு அவரே ஒரு தேதியை எழுதிட்டாரு."

"எல்லாருக்குமா?"

"எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு அதே நாள்தான் பிறந்தநாள்."

"அப்போ அன்னிக்குக் கேக் வெட்டலாமே!"

"அது ஹெட்மாஸ்டர் தேதி. அவருக்கே வெட்டு" என்று அம்மா சிரித்தாள்.

சிரித்தாள், சரி. ஆனால் நூல் அறாமல், ஊசி உடையாமல் தையல் மிஷின் கொஞ்ச நேரம் சும்மா நின்றது. மற்றவர்கள் கண்ணில் இதெல்லாம் படாது. குடைச்சல் கண்ணில் படாமல் இருக்குமா?

அம்மாவுக்கு அவளுடைய நிஜமான பிறந்தநாளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள்.

முதலில் போனது தெருமுனை ப்ரௌசிங் சென்டருக்கு. அங்கே இருக்கும் அண்ணன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டே பேசுவார். அதனால் அவர் பேசுவது அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

"குடும்ப வரலாறா? நம்மகிட்ட வம்சாவளி பேக்கேஜ் இருக்கு! பிறப்பு, கல்யாணம், இறப்பு, மூணு சான்றிதழும் வாங்கித் தருவோம். கண்ணாடி ஃப்ரேம் இலவசம்!"

விலையைச் சொன்னார். அந்த விலைக்கு ஃப்ரேமுக்குள் அண்ணனே உட்கார வேண்டும் என்று குடைச்சலுக்குத் தோன்றியது. அவள் உண்டியலில் இருந்ததோ அம்மாவுக்குப் பரிசு வாங்கச் சேர்த்த சில்லறை.

"இந்தச் சான்றிதழையெல்லாம் நீங்க எங்கேருந்து வாங்குவீங்க அண்ணா?"

"பதிவு அலுவலகத்துலதான்" என்று உளறிவிட்டு, அண்ணன் அவசரமாக ஹெட்போனைச் சரிசெய்தார்.

அவ்வளவு போதாதா? குடைச்சல் நேராக மாமாவின் பூட்டுக் கடைக்குப் போனாள். அலுவலகத்தில் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் சொந்தக்காரராக இருக்க வேண்டும். அம்மாவின் அண்ணனைவிடப் பொருத்தமான ஆள் யார்?

ஒரே ஒரு சிக்கல். மாமா ஊரில் உள்ள எல்லாப் பூட்டையும் சரிசெய்வார். தன் வாய்க்கு மட்டும் ஒன்று போட்டுக்கொள்ள மறந்துவிட்டார்.

"அம்மாகிட்ட சொல்லவே கூடாது மாமா!"

"சேச்சே! நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றார். பிறகு தன் மேலேயே நம்பிக்கை இல்லாமல், "எதுக்கும் உங்க வீட்டுக்கு வரும்போது ஒரு சாவியைப் பல்லுல கடிச்சுக்கிறேன்" என்றார்.

பதிவு அலுவலகத்தில் மரப் பெஞ்சு ஒன்று ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. சங்கிலி போட்ட மூக்குக் கண்ணாடியோடு கவுன்டரில் ஒரு மேடம் இருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"என்ன வேணும்? பிறப்பா, கல்யாணமா, இறப்பா?"

"மூணுமே வேணும் மேடம். எங்க குடும்பக் கதை முழுசும் தெரியணும். ஆனா இப்போதைக்கு ஒரு பிறப்பு போதும்."

மேடம் நிமிர்ந்தார். "சாதாவா, முத்திரை போட்டதா?"

"என்ன வித்தியாசம்?"

"முத்திரை போட்டது சொத்துக்கு, பாஸ்போர்ட்டுக்கு. சாதா நகல் வீட்டுல வெச்சுப் பார்க்கிறதுக்கு. விஷயம் ஒண்ணுதான். விலைதான் வேற."

"சாதா! சாதா!" என்றாள் குடைச்சல்.

"எந்த வருஷம்?"

ஸ்கூலில் இருப்பது ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாகப் போட்ட வருஷம்; அதை நம்ப முடியாது. குடைச்சல் மாமாவைப் பார்த்தாள். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

"வருஷம் தெரியலைன்னா தேடுறதுக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் தனிக் கட்டணம்" என்றார் மேடம். "கிடைக்கலைன்னாலும் பணம் திரும்ப வராது."

குடைச்சல் பையைத் தொட்டுப் பார்த்தாள். நகலுக்குப் போக, ஒரே ஒரு வருஷத்தைத் தேடத்தான் அதில் காசு இருந்தது. குறி தப்பினால் பரிசும் போச்சு, பிறந்தநாளும் போச்சு.

"யோசிச்சுட்டு வரேன் மேடம்" என்றாள்.

வெளியே வந்ததும் மாமாவைக் குடைய ஆரம்பித்தாள். "நல்லா யோசிங்க மாமா. அம்மா பிறந்தப்போ என்ன நடந்துச்சு?"

"எனக்கே அப்போ பத்து வயசு இருக்கும். கோலி விளையாடினது ஞாபகம் இருக்கு."

"அம்மா குழந்தையா இருந்தப்போ?"

மாமா கொஞ்சம் மெதுவாக நடந்தார். "எங்க அப்பா போன அன்னிக்கு வீடு நிறைய ஆளு. உங்க அம்மா தவழ்ந்து வாசலுக்குப் போய், வந்தவங்க செருப்பையெல்லாம் ஒவ்வொண்ணா வாயில வெச்சா. நான்தான் பிடுங்கிப் பிடுங்கி வெச்சேன். அன்னிக்கு எனக்கு அந்த வேலைதான்."

குடைச்சல் நின்றுவிட்டாள். "தாத்தா இறந்த தேதி தெரியுமா மாமா?"

"அந்தச் சான்றிதழ் கடைப் பெட்டியிலேயே இருக்கே. வீட்டுப் பத்திரத்துக்காக வாங்கினது."

எடுத்துப் பார்த்தார்கள். ஏப்ரல் மாதத்தில் ஒரு தேதி இருந்தது.

சரி, குழந்தைகள் எப்போது தவழும்? இதற்குப் புத்தகம் எதுவும் தேவையில்லை. எதிர்வீட்டில் குக்கர் இருந்தான்.

குக்கர் என்றால் சமைக்கிற குக்கர் இல்லை. எதிர்வீட்டு அக்காவின் குழந்தை. பசித்தால் சரியாக மூன்று விசில் அடிப்பான். அவனுக்குப் பேர் வைப்பதில் அக்காவின் வீட்டாருக்கும் அவள் கணவர் வீட்டாருக்கும் பெரிய போர். ஒரு பேரை இவர்கள் சொன்னால் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் பையன் குக்கராகவே வளர்ந்துகொண்டிருந்தான். அக்கா சாப்பிடும் நேரத்தில் தினமும் சாயங்காலம் அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வது குடைச்சல்தான். யாரும் சொல்லவில்லை; அக்கா ஒரு கையால் குழந்தையையும் இன்னொரு கையால் தட்டையும் பிடித்துத் திண்டாடுவதைப் பார்த்ததிலிருந்து அவளாகவே போகிறாள்.

"குக்கர் எப்போ தவழ ஆரம்பிச்சான் அக்கா?"

"எட்டு மாசத்துல. இப்போ ஒன்பது முடியப் போகுது. இனிமே எழுந்து நிக்க ஆரம்பிச்சுடுவான். ஏண்டி?"

"சும்மா."

குடைச்சல் விரல் விட்டு எண்ணினாள். ஏப்ரலில் தவழ்ந்துகொண்டிருந்த அம்மா அதற்கு முந்தைய வருஷத்து நடுவில்தான் பிறந்திருக்க வேண்டும். ஒரே வருஷம்!

மறுநாளே மாமா கையெழுத்துப் போட்டார். உண்டியல் காலியானது. ஒரு வாரம் கழித்துப் பதில் வாங்கப் போனார்கள்.

"இந்தப் பேர்ல பதிவு எதுவும் இல்லை" என்றார் மேடம்.

திரும்பி வரும் வழியெல்லாம் குடைச்சல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாமா பயந்தே போனார்.

"அந்தக் காலத்துல பதியாம விட்டிருப்பாங்கம்மா. நீ என்ன பண்ணுவே?" என்றார். அன்று அவர்கள் வீட்டுக்கு வந்தபோது அவரே சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டார். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே, பசிச்சா சாப்பாடு போடறேன். இரும்பை ஏன் கடிக்கிறீங்க?"

சாயங்காலம் வழக்கம்போல எதிர்வீட்டில் மூன்று விசில் கேட்டது. மனசு சரியில்லாவிட்டாலும் அக்கா சாப்பிட வேண்டுமே என்று குடைச்சல் போனாள். அக்கா குக்கருக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தாள். கட்டிலில் கிடந்த பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவிக் குக்கர் சுவைத்துக்கொண்டிருந்தான்.

"ஐயையோ! அது அவனோட பிறப்புச் சான்றிதழ்டி! பிடுங்கு, பிடுங்கு!"

குடைச்சல் எச்சில் சொட்டச் சொட்ட அதைப் பிடுங்கினாள். துடைக்கும்போது கண் தானாகப் படித்தது. தாயின் பேர் இருந்தது. தந்தையின் பேர் இருந்தது. தெரு இருந்தது. குழந்தையின் பேர் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

"அக்கா! இதுல குக்கர் பேர் இல்லையே!"

"வெச்சாத்தானே இருக்கும்? பிறந்த உடனே பதிஞ்சுடுவாங்க. பேரை அப்புறமா சேர்த்துக்கலாம். இவங்க சண்டை முடிஞ்சு சேர்க்கிறதுக்குள்ள இவன் காலேஜ் போயிடுவான்."

குடைச்சல் குக்கரின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "அம்மாவுக்கு மாமா பேர் வெச்சாரா? தாத்தா பேர் வெச்சாரா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே பூட்டுக் கடைக்கு ஓடினாள்.

"மாமா! அம்மாவுக்கு யார் பேர் வெச்சாங்க? எப்போ?"

"நான்தான் வெச்சேன்" என்றார் மாமா பெருமையாக. "அப்பா போனதுக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் வெறும் பாப்பாதான்."

"பாப்பான்னு சொல்லவே இல்லையே நீங்க!"

"நீ கேட்கவே இல்லையே!"

குடைச்சலிடம் இப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

மறுநாள் கவுன்டரில் அவள் மூக்கு மட்டும் தெரிய நின்றாள். "மேடம், அம்மாவைப் பதிஞ்சப்போ அவங்களுக்குப் பேரே இல்லை. பேரை விட்டுட்டு, அவங்க அப்பா பேர், அம்மா பேர், தெரு, இதை வெச்சுத் தேட முடியுமா?" பிறகு குரல் இறங்கியது. "ஆனா திரும்பக் கட்டணம் கட்ட என்கிட்ட எதுவும் இல்லை."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அது சங்கிலியில் ஊஞ்சல் ஆடியது.

"வருஷத்துக்குத்தான் கட்டணம். அந்த வருஷத்துக்கு நீ கட்டியாச்சு. உட்காரு."

வழுவழு பெஞ்சில் குடைச்சல் வழுக்கி வழுக்கி உட்கார்ந்திருந்தாள். உள்ளே காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு தும்மல். பிறகு மேடமே எழுந்து வந்தார்.

"பெண் குழந்தை. ஜூலை பத்தொன்பது" என்றார்.

மாமா சாவி இல்லாமலேயே வாயை மூடிக்கொண்டார். கண்ணைத்தான் மூட முடியவில்லை, துடைத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா அந்தச் சாதா நகலை வாங்கிப் படித்தாள். தன் அம்மாவின் பேரையும் அப்பாவின் பேரையும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தடவிப் பார்த்தாள். இரண்டையும் ஒரே காகிதத்தில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மிஷின் வெகுநேரம் சும்மாவே நின்றது.

பிறகு அம்மா வருஷத்தைக் கணக்குப் போட்டாள். போட்டவள் துள்ளி எழுந்தாள்.

"எனக்கு ஒரு வயசு கம்மி! அண்ணே, நான் நாலு வயசுலயே காதைத் தொட்டிருக்கேன்!"

"அலமாரி மேல இருந்த மிட்டாய் டப்பாவுக்கே எட்டின கை ஆச்சே அது" என்றார் மாமா.

"அம்மா, ஜூலை பத்தொன்பதுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு" என்றாள் குடைச்சல். "அன்னிக்குக் கேக் வெட்டலாமா? இது ஹெட்மாஸ்டர் தேதி இல்லையே?"

அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "வெட்டலாம்டி. பெருசா வெட்டலாம்."

ஒரே ஒரு வேலை பாக்கி இருந்தது. மூவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். பேர் சேர்க்கும் படிவத்தை எடுத்துக்கொண்டு, மேடம் வழக்கம்போல நிமிராமலே கேட்டார்.

"குழந்தை எங்கே?"

"நான்தான்" என்றாள் அம்மா.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். "சரி. பேரை யார் எழுதப் போறீங்க?"

"அதை வெச்சவன் நான்" என்று மாமா முன்னால் வந்தார். பேனாவையும் எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைக் குடைச்சலிடம் நீட்டினார்.

குடைச்சல் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, கட்டத்துக்கு வெளியே போகாமல், அம்மாவின் பேரை அழகாக எழுதினாள். அம்மா கீழே கையெழுத்துப் போட்டாள்.

"அடுத்தது என்ன வேணும்?" என்றார் மேடம். "கல்யாணமா?"

"ஆமா மேடம். தாத்தா பாட்டியோடது. சாதா போதும். உண்டியல் நிரம்பினதும் வரேன்."

அவர்கள் தெருவுக்குள் நுழையும்போது எதிர்வீட்டில் மூன்று விசில் கேட்டது. பேர் வைக்காத குழந்தை இனி அந்தத் தெருவில் ஒன்றே ஒன்றுதான்.