பின் சீட்டைப் பார்க்கும் கண்ணாடி

சாவி போட்டதும் திரும்பியது, வண்டியும் கிளம்பியது... பிறகு அது தன்னுடைய ஸ்கூட்டர் இல்லையென்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஊரில் பாதிப் பேர் வேலைக்கு ஓட்டிப் போகும் அதே மலிவு விலை ஸ்கூட்டர், அதே சாம்பல் நிறம். சாவி தேய்ந்துபோனால் ஒன்றினுடையது இன்னொன்றுக்கும் பொருந்திவிடும். மழை வேறு கொட்டிக்கொண்டிருந்தது. பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் பகலெல்லாம் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனவள், தெருமுனைவரை போயே விட்டாள். இடது கண்ணாடியில் சாலை தெரியவில்லை, பின் சீட்டுதான் தெரிந்தது. 'எந்தப் புண்ணியவான் வேலையோ...' என்று முணுமுணுத்தபடி அதைச் சரியாகத் திருப்பினாள். அப்போதுதான் முன்கொக்கியில் தொங்கிய ஸ்பேனர் பை கண்ணில் பட்டது. அசடு வழியத் திரும்பி வந்தாள்.

அவளுடைய வண்டியின் பக்கத்தில், தொப்பலாக நனைந்தபடி நின்றிருந்தான் அவன். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வருகிற மெக்கானிக்.

"திருடறதுதான் திருடறீங்க... கொஞ்சம் நல்ல வண்டியாப் பாத்து எடுக்கக் கூடாதாங்க?"

"இதைப் போய் எவளாவது திருடுவாளா? மேடு ஏறறதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்கிடுச்சு!"

அவன் சிரித்தான். இமைகளில் மழைத்துளி தங்கிய அந்தக் கண்களும் சேர்ந்து சிரித்தன. கண்ணாடியைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது.

"திருப்பிட்டீங்களா?"

"பின்ன... ரோடு தெரிய வேணாமா?"

"அது என் மனைவி வெச்சதுங்க. பின்னாடி உக்காந்து வரும்போது அவ முகம் எனக்குத் தெரியணும்னு... அவ இறந்தப்புறம் நான் அதைத் தொடவே இல்ல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அவங்க என்ன உயரம்? சொல்லுங்க... பழையபடியே வெச்சுடலாம்."

"உங்களைவிடக் கொஞ்சம் குள்ளம்."

தலையைத் தாழ்த்திக்கொண்டாள். அவன் முன்னால் அமர்ந்து, கண்ணாடியை மெல்ல மெல்ல நகர்த்தினான்... சட்டென்று அதில் அவள் கண்கள் வந்து நின்றன. இருவருமே அசையவில்லை. முதலில் பார்வையை விலக்கிக்கொண்டது அவன்தான். பாழும் மனம், செத்துப்போனவளுக்கென்று வைத்திருந்த இடத்திலா போய் உட்கார வேண்டும்? வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த முறை லிஃப்டுக்கு வேறு ஆள் வந்தார். "அவன் இந்தக் கட்டடம் வேணாம்னு மாத்தி வாங்கிக்கிட்டாம்மா." அவளுக்குச் சுருக்கென்றது. போனால் போகட்டும், நான் என்ன வழிமேல் விழி வைத்துக்கொண்டா...? வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு மாலை, பெட்ரோல் பங்க் வரிசையில் அவனே அவளுக்கு முன்னால் நின்றான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னைப் பாத்தா அவ்வளவு பயமா உங்களுக்கு?"

அவன் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினான்.

"அன்னைக்கு வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினேன். அவ முகம் வரலைங்க... உங்க முகம்தான் வந்துச்சு. போட்டோவை எடுத்துப் பாத்துத்தான் அவளை ஞாபகப்படுத்திக்க வேண்டியதாப் போச்சு. உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா... நானே அவளை இன்னொரு தடவை சாகவிட்ட மாதிரி இருக்கு."

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவள் நகரவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. அவங்களை மறந்துட்டு வாங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். அவங்களைப் பத்தி எங்கிட்ட சொல்லுங்க... எல்லாத்தையும். உங்களுக்கு மறந்துபோனா, நான் ஞாபகம் வெச்சிருக்கேன்."