பச்சையைச் சொன்னவள்

குர்ஷிதா அந்தக் கடைக்குள் அப்போதுதான் முதன்முறையாக நுழைந்தாள். ஆனால் கடைக்காரர் தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே எழுந்து, நெடுநாள் பழகியவளைப் பார்ப்பதுபோலச் சிரித்தார்.

"என்னக்கா, திரும்ப வந்துட்டீங்க? மனசு மாறிடுச்சா?"

வேறு யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்து அவள் பின்னால் திரும்பினாள். தாஷ்கண்டின் விளிம்பில் இருந்த அந்தக் கட்டுமானச் சந்தையில் மழையில் ஊறிய அட்டைப்பெட்டிகளின் வாடை அடித்தது. பக்கத்துக் கடையில் டைல்ஸ் அறுக்கும் இயந்திரம் பல் கூசும்படிக் கீச்சிட்டது. பின்னால் யாரும் இல்லை. காலையில் அவள் தன் கணவன் தவ்ரோனோடு வந்ததாகவும், குளியலறைக்குக் கரும்பச்சைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததாகவும், அவன் சொன்ன ஏதோ வேடிக்கைக்கு அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த கடைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்ததாகவும் அவர் சொன்னார்.

"நான் இல்லைங்க," என்றாள் குர்ஷிதா.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுடைய மெரூன் நிறக் கோட்டைப் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, தினமும் எத்தனையோ பேர் வருகிறார்கள், ஆள் மாறிப்போயிருக்கும் என்று முணுமுணுத்தார். ஒரு வீட்டுக்குள் தீ வைத்துவிட்டோமோ என்று பயந்துபோன மனிதரின் அவசரம் அந்தக் குரலில் இருந்தது.

காலை முழுவதும் அவள் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் இருந்தாள். அப்படியானால் தவ்ரோன் இன்னொருத்தியோடு வந்திருக்கிறான். தன் வீட்டுக் குளியலறைக்கு அவளை நிறம் பார்க்கச் சொல்லியிருக்கிறான். வெறுமனே இன்னொருத்தி என்றால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அந்தச் சிரிப்புதான் எரிந்தது. கல்யாணமான நாள்முதல் தவ்ரோன் அவளிடம் வேடிக்கை எதுவும் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. அவள் மணல் நிற டைல்ஸைக் காட்டி, இதை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அன்று மாலை தவ்ரோன் பேரீச்சம்பழமும் சூடான ரொட்டியுமாக வந்தான். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவளின் தோளில் கை வைத்தான். அவன் அப்படிச் செய்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"உனக்கு இவ்ளோ துணிச்சல் இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல குர்ஷி. அந்தப் பச்சை... நானா இருந்தா பயந்துபோய் வெள்ளையே வாங்கியிருப்பேன்."

எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பொய் சொல்கிறான் என்று அவள் நினைத்தாள். மணல் நிறம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றாள். அவனுடைய முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல வடிந்தது. கை தோளைவிட்டு இறங்கியது.

"காலையில நல்லாத்தானே இருந்தே," என்றான். கோபமே இல்லை. ஏமாற்றம்தான்.

அவன் குளிக்கப் போனதும் அவள் அவனுடைய மேல்சட்டையை எடுத்து முகர்ந்தாள். வேறொரு பெண்ணின் வாசனைக்காகக் கழுத்துப்பட்டி, கைமடிப்பு, உள்ளுறை என்று ஒவ்வொரு இடமாக மூக்கை வைத்துத் தேடினாள். அவளுடைய சொந்தத் தலை எண்ணெய் மணம் மட்டும்தான் வந்தது. ஆனால் அவள் அவன் தோளில் தலைசாய்த்தே வெகுநாளாகியிருந்தது.

வந்து இறங்கியது பச்சை. எர்காஷ் உஸ்தா என்ற வயதான டைல்ஸ் வேலைக்காரர் பழைய வெள்ளை ஓடுகளைப் பெயர்த்துவிட்டு, கீழ்வரிசைகளை ஒட்டி முடித்திருந்தபோதுதான் அவள் பட்டறையிலிருந்து திரும்பினாள். ஈரச் சிமெண்டின் குளிர்ந்த வாடை வீடு முழுவதும் நின்றது. அந்தப் பச்சை வெறும் பச்சை இல்லை. ஆழமான கிணற்றுக்குள் குனிந்து பார்த்தால் தெரியும் பச்சை. அவள் எகிறினாள். யாரைக் கேட்டு இதை ஒட்டினீர்கள் என்று கேட்டாள்.

உஸ்தா கரண்டியைக் கீழே வைத்தார். அன்று மத்தியானம் அவள்தான் இங்கே நின்று, ஓடு ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள் என்றார். மேலே ஒரு வரிசை நீலம் ஓட வேண்டும் என்றும் அவள்தான் சொன்னாளாம். பசை காய்வதற்குள் குழந்தை உள்ளே போய்விடக் கூடாது என்று வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னதும் அவளேதானாம். கதவில் புதுத் தாழ்ப்பாள் பளபளத்தது.

"நல்ல ரசனைம்மா உங்களுக்கு," என்றார் அவர். "இப்ப ஏன் கோவிச்சுக்கிறீங்கன்னுதான் புரியல."

அவள் மறுபடி சுவரைப் பார்த்தாள். அது அழகாக இருந்தது. தானாகத் தேடியிருந்தால் ஒருபோதும் எட்டியிருக்க முடியாத அழகு.

மகள் இரோதா கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளுடைய தலையில் மெல்லிய பின்னல்கள் நிறைய, ஒன்றுபோல, நூல் பிடித்தாற்போல விழுந்திருந்தன. காலையில் குர்ஷிதா அவசரமாகப் போட்டது ஒற்றைச் சடை.

"யாரு போட்டா இதை?"

"நீங்கதானேம்மா. பாட்டுப் பாடிக்கிட்டே போட்டீங்க."

குர்ஷிதா குழந்தையை முழங்கால்களுக்கு நடுவே இழுத்து நிறுத்தி, ஒவ்வொரு பின்னலாக அவிழ்த்தாள். இரோதா முதலில் வேண்டாம் என்று கெஞ்சினாள், பிறகு அழுதாள், பிறகு அழுகையை நிறுத்திக்கொண்டு ஓரக்கண்ணால் அம்மாவையே பார்த்தாள். அடையாளம் பார்க்கும் பார்வை.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் இன்னொருத்திக்காகக் காத்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, முந்தைய நாளின் பிலாவைத் தவ்ரோன் புகழ்ந்தான். அவள் முந்தைய நாள் பிலாவ் செய்யவே இல்லை. படி ஏறி வரும்போது உள்ளே பேச்சுக் கேட்கும். சாவி போட்டதும் பேச்சு அடங்கும்.

ஒரு நாள் பட்டறையில் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்தாள். தன் தளத்துக்கு மேலே உள்ள படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றாள். கீழ்வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை ஏறி வந்தது, எங்கோ ஒரு தொலைக்காட்சி முணுமுணுத்தது, குளிர்காலப் பொழுது ஜன்னலில் சீக்கிரமாகச் சாம்பல் பூத்தது. காலடிகள் கேட்டன. இரண்டு பேர். ஒன்று பெரியது, ஒன்று துள்ளுவது.

இரோதாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஏறி வந்தாள். மேலிருந்து பார்க்க முகம் தெரியவில்லை; உச்சியும் தோளும் தெரிந்தன. மெரூன் கோட்டு. வகிடின் இடப்பக்கம் குர்ஷிதாவுக்கு இருந்த அதே சிறிய நரை.

பயம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் குழந்தையின் கை தெரிந்தது. எவ்வளவு இறுக்கமான பிடி. அந்தப் பெண் அல்ல, குழந்தைதான் இறுக்கிப் பிடித்திருந்தது.

கதவு சாத்திக்கொண்டது. குர்ஷிதா இறங்கினாள். சத்தமில்லாமல் சாவியைத் திருப்பினாள். கூடத்தில் பள்ளிப் பை கிடந்தது. குளியலறையில் விளக்கு. தண்ணீர் விழும் ஓசை. அதன் நடுவே ஒரு முனகல் பாட்டு.

வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

பாட்டு நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளேயிருந்து பயந்துபோன ஒரு குரல், "யாரு? இரோதா, கதவைத் திறம்மா," என்றது.

அது அவளுடைய குரல்.

தவ்ரோன் கையில் ரொட்டியோடு உள்ளே வந்தான். உள்ளே யார் என்றான். "உங்க பச்சைக்காரி," என்றாள் குர்ஷிதா.

"என்னங்க," என்றது உள்ளேயிருந்த குரல். "வெளியில நிக்கிறது யாரு? என் குரல்ல பேசுறா."

அவன் கதவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ரொட்டி கையிலிருந்து நழுவியது. அவள் ஒரு வார்த்தை, கனிவாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவன் அவளைத்தான் நம்பியிருப்பான். அவள் கத்தினாள். நீங்கள் யாரை விரும்புகிறீர்கள் என்று கேட்டாள். அவன் பார்வை மறுபடி கதவுக்குப் போனது. கூடத்து மூலையிலிருந்து இரோதா சொன்னாள்.

"அம்மா உள்ள இருக்காங்க."

தவ்ரோன் தாழ்ப்பாளை நீக்கினான்.

யாரும் இல்லை. ஈரமான பச்சைச் சுவர்கள், மேலே ஓடிய நீல வரிசை, குழாயில் நின்று நின்று விழுந்த ஒரு சொட்டு. குர்ஷிதா மூச்சு விட்டாள். உள்ளே போனாள். தொட்டிக்குள் பார்த்தாள். திரைக்குப் பின்னால் பார்த்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"குழாயில காத்து அடைச்சிருக்குங்க," என்றது வெளியில் அவளுடைய குரல், நிதானமாக. "அதான் இப்படிச் சத்தம்."

"உஸ்தாகிட்டச் சொல்லணும்," என்றான் தவ்ரோன். பிறகு எதற்கோ சிரித்தான். வெளியே இருந்தவளும் சிரித்தாள்.

குர்ஷிதா கதவை அறைந்தாள். கத்தினாள். கத்தியது ஒரு முனகலாகச் சுவருக்குள் போனது. திரும்பினாள். பளபளக்கும் ஒவ்வொரு ஓட்டிலும் மெரூன் கோட்டு அணிந்த ஒரு பெண். எல்லோரும் முதுகைக் காட்டி நின்றார்கள். ஒருத்திகூடத் திரும்பவில்லை.

கதவருகே நாற்காலி இழுபடும் ஓசை. இந்த வீட்டில் குளியலறை விளக்கின் விசை வெளியே, இரோதாவுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

"இரோதா. கண்ணு. திறம்மா."

"சத்தம் போடாதீங்க," என்று குழந்தை மெதுவாகச் சொன்னாள், தெரியாதவர்களிடம் பேசும் மரியாதையோடு. "அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க."

விளக்கு அணைந்தது.

கதவின் அடியில் மட்டும் கூடத்து வெளிச்சம் ஒரு கோடாக. அதில், நாற்காலியிலிருந்து இறங்கிய இரண்டு சின்னப் பாதங்கள். அவற்றின் பக்கத்தில், குர்ஷிதாவின் கம்பளிச் செருப்புகளை மாட்டிய இன்னும் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. விரல்கள் கதவைப் பார்த்திருந்தன. சின்னப் பாதங்கள் நகர்ந்து அவற்றோடு ஒட்டிக்கொண்டன. பிறகு எதுவும் அசையவில்லை.