அலுமாரிக்குப் பின்னால் ஒரு பாடம்

ஹந்தானைக்கு ஏறும் பாதையில் த்ரீவீல் இரண்டு தடவை மூச்சு வாங்கி நின்று, ஒருவழியாக அந்தப் பழைய பங்களாவின் முன் வந்து சேர்ந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கீழே கண்டி நகரம் மூட்டத்துக்குள் மறைந்து கிடந்தது. பைன் மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

மோகனராஜ் மகளின் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வீட்டை அண்ணாந்து பார்த்தார். கட்டுகஸ்தோட்டையில் மின்சாமான் கடை வைத்திருப்பவர். எந்த வீட்டைப் பார்த்தாலும் வயரிங்தான் முதலில் கண்ணில் படும். இங்கே அவர் அதைப் பார்க்கவில்லை.

"வீடு ஒரு மாதிரி இருக்கேம்மா."

"வீட்டையா கட்டிக்கப் போறேன்? பேசிப் பழகத்தானேப்பா வந்திருக்கேன்."

சஞ்சீவனிக்கு லியோன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. பிரெஞ்சு எழுத்துப் பரீட்சையில் குறையில்லை. வாய்மொழிப் பரீட்சையில்தான் போன வருடம் தோற்றுவிட்டாள். இந்த முறையும் தோற்றால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். பிரான்ஸில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பழகலாம் என்றால், அதற்கு முதலில் விசா வேண்டும். அப்போதுதான் பிரெஞ்சுக்காரரான கொலெத் அம்மையாரையும் அவருடைய கணவர் பெர்னாரையும் பற்றிக் கேள்விப்பட்டாள். ஆற்று நீரை ஆராய வந்த பெர்னார் இந்தப் பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தார். பிள்ளையில்லாத அந்த இருவரும் அவளைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. வாசல்படி தாண்டினால் பிரெஞ்சு மட்டும்தான்.

கொலெத் அம்மையார் அன்பானவர். சாப்பாட்டு மேசையில் அவளுடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் பொறுமையாகக் கேட்பார்.

"உன் 'ர' நாக்கு நுனியிலேயே நிற்கிறது, சஞ்சீவனி. தொண்டைக்குள் இருந்து வர வேண்டும்."

அந்த 'ர' மட்டும் வரவேயில்லை. அப்பாவின் கடையில் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களோடு வாதாடி வளர்ந்த நாக்கு அது. அவள் 'ர' சொன்னால் தெருவுக்கே கேட்கும்.

மூன்றாம் நாள் பிற்பகல் அவள் தன் அறையில் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடைக்கோடியில் இருந்த அறை. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய அலுமாரி. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது.

"ரிவியேர்," என்றாள். ஆறு.

"ஆங்கோர்."

மறுபடி சொல், என்று அர்த்தம். மெல்லிய, வயதான பெண் குரல். கொலெத் அம்மையார் நடையில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு குரலும் அதே சொல்லைச் சொன்னது. இளம் குரல். அரை மூச்சு பிந்தி வந்தது.

கதவைத் திறந்தாள். நடையில் ஆளில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். தோட்டத்தின் அடுத்த கோடியில், குடைக்கடியில், கொலெத் அம்மையார் ரோஜாச் செடிகளுக்கு முன் குனிந்திருந்தார்.

"ஆங்கோர்."

குரல் அலுமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

முகப்பவுடரும் உருகிய மெழுகும் கலந்த வாடை அறையில் பரவியது. ஏதோ ஒன்று அவளுடைய தாடையைப் பிடித்தது. பனிக்கட்டியைப் போல் சில்லிட்ட ஒரு விரல் உதடுகளைப் பிரித்து, நாக்கை அழுத்தி, தொண்டைக்குள் இறங்கியது.

ஒரு கணம்தான்.

பிறகு அவள் தரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

அன்று சமையலறைப் பின்முற்றத்தில் அரிசி களைந்துகொண்டிருந்த வீரம்மா அவளைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டார். வீரம்மா மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருப்பவர்; இந்தப் பங்களாவுக்கு யார் குடிவந்தாலும் சமைப்பது அவர்தான். வாசல்படி நிபந்தனை அந்த முற்றத்துக்குக் கிடையாது.

"தொண்டையில கை வச்சிருச்சா?" என்று கேட்டார் வீரம்மா, தாழ்ந்த குரலில்.

சஞ்சீவனி அவரையே பார்த்தாள். "உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"அந்தக் காலத்துல இங்க ஒரு துரைசாணி இருந்துச்சாம். பிரெஞ்சுக்காரி. யாரு வாயத் தொறந்தாலும் சரியில்லம்பாளாம். வாய்க்குள்ள விரல விட்டுத் திருத்துவாளாம்." வீரம்மா அரிசியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "போன வருசம் வேற பிரெஞ்சுக்காரங்க இருந்தாங்க. எம் மக ஜெயராணி அவங்க பேசுறதக் கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டா. ஹோட்டல்ல வேல கெடைக்கும்னு அந்த அறையக் கூட்டும்போதெல்லாம் சொல்லிப் பாப்பா. ஒரு நாள் வீட்டுக்கு வந்தா. வாய் அசையுது, சத்தம் வரல. இன்னைக்கு வரைக்கும் வரல. டாக்டர்மாரு தொண்டையில ஒண்ணுமில்லங்கிறாங்க."

"அப்ப அந்தச் சின்னக் குரல்…"

"அவளோடதுதான்."

"தெரிஞ்சுமா இங்க வேல செய்றீங்க, அக்கா?"

"எம்புள்ள பேச்சு இங்கதானே இருக்கு. அத விட்டுட்டு நான் எங்க போறது?"

அன்று மாலை தொலைபேசியில் தகப்பனாரிடம் சொன்னாள். மோகனராஜ் முழுவதையும் கேட்கக்கூட இல்லை. "பெட்டியக் கட்டு. இப்பவே த்ரீவீல் எடுத்துக்கிட்டு வாறேன்."

"வேணாம்ப்பா."

"பரீட்சை கெடக்கட்டும், சஞ்சி."

"பரீட்சைக்காக மட்டும் சொல்லல. ஒரு புள்ளையோட கொரலப் புடிச்சு வச்சிருக்குப்பா. நான் ஓடி வந்துட்டா அடுத்து வர்றவளோடதையும் புடுங்கும்."

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தை விடக் கோபம் ஒரு படி மேலே நின்றது. தன் வாய்க்குள் கேட்காமல் கை விட்டதை அவளால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த நாள் பிற்பகல் கொலெத் அம்மையாரும் பெர்னாரும் பேராதனைக்குப் போயிருந்தார்கள். இடி இடித்து மழை கொட்டியது. கரண்ட் போயிற்று. பட்டப்பகலிலேயே அறை இருண்டது. சஞ்சீவனி கதிரையை இழுத்து அலுமாரிக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். வீரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரிவியேர்," என்றாள் சஞ்சீவனி, உரக்க. தன் சொந்த 'ர'வில்.

மழைச் சத்தம் சட்டென்று கேட்காமல் போயிற்று.

"ஆங்கோர்."

"மாட்டேன்."

"ஆங்கோர்."

அலுமாரிக் கதவு ஒரு விரல்கடை திறந்தது. பவுடர் வாடை. மெழுகு வாடை. தாடையில் குளிர் ஏறியது. உதடுகள் பிரிந்தன.

விரல் உள்ளே வந்தது.

அவள் பற்களை இறுக்கிக் கடித்தாள்.

ஏதோ நொறுங்கியது. பழைய மெழுகுவர்த்தியைக் கடித்தது போல் வாய் நிறையத் தூளாயிற்று. அலுமாரிக்குள்ளிருந்து வந்த அலறல் எந்த மொழியிலும் இல்லை.

சஞ்சீவனி தரையில் துப்பிவிட்டு எழுந்தாள்.

"யாரக் கேட்டு வாயில கை வைக்கிறே?" தமிழில், கட்டுகஸ்தோட்டைச் சந்திக்கே கேட்கும் குரலில் கத்தினாள். "ஒன் பாஷைய நான் படிப்பேன். நல்லாவே படிப்பேன். ஆனா என் நாக்காலதான் பேசுவேன். அந்தப் புள்ளைய விடு!"

அலுமாரிக் கதவை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

"ஜெயராணி! வெளிய வாடி!"

பிறகு இருட்டுக்குள், அந்த இளம் குரல் தட்டுத் தடுமாறியது.

"ஆங்… ஆங்… அம்மா?"

வீரம்மா பாய்ந்து வந்து அலுமாரிக் கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தார். உள்ளே வெறும் பலகை. குளிர்காற்று ஒன்று அவர்கள் இருவரையும் உரசிக்கொண்டு நடை வழியே ஓடியது. மழைச் சத்தம் திரும்பி வந்தது.

வீரம்மா நனைந்துகொண்டே லயத்துக்கு ஓடினார். சஞ்சீவனியும் பின்னால் ஓடினாள். ஜெயராணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள், தொண்டையைக் கையால் பொத்திக்கொண்டு.

"ஏம்மா இப்புடி நனைஞ்சுக்கிட்டு வர்றீங்க?" என்றாள்.

வீரம்மா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சஞ்சீவனி சொன்ன காலம் முடியும்வரை அதே அறையில்தான் இருந்தாள். குரல் மறுபடி கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அவளுடைய பேச்சு வெள்ளமாக ஓடத் தொடங்கியது. 'ர' மட்டும் மாறவில்லை. கடைசியில் கொலெத் அம்மையாரே சிரித்துவிட்டார். "இருக்கட்டும். எல்லாமே புரிகிறதே!"

பரீட்சை கண்டி வாவிக்குப் பக்கத்தில் ஒரு கட்டிடத்தில், வெயில் நன்றாக ஏறிய ஒரு காலையில் நடந்தது. சின்ன அறை, மூடிய கதவு. எதிரே ஒரே ஒரு பரீட்சகர். ஏன் பிரான்ஸ் போக விரும்புகிறாய் என்று கேட்டார். அவள் தயங்காமல் பேசினாள். பிறந்த ஊரைச் சொன்னாள், படிக்கப்போவதைச் சொன்னாள், திரும்பி வந்து செய்யப்போவதைச் சொன்னாள்.

பரீட்சகர் முதலில் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய பார்வை அவள் தோளுக்கு மேலே போய் நின்றது.

"மன்னிக்க வேண்டும். துணைக்கு வந்தவர் வெளியே இருக்க வேண்டும்."

"நான் தனியாகத்தான் வந்தேன், ஐயா."

அவருடைய பேனா மேசையில் உருண்டது. "அப்படியானால் உங்களுக்குப் பின்னால் நிற்கும் முதிய அம்மையார்… நீங்கள் சொல்லச் சொல்ல அவரும் வாயசைக்கிறாரே?"

பிடரியில் சில்லென்று ஒரு மூச்சு பட்டது. தான் கடைசியாகச் சொன்ன சொல்லை யாரோ மிக மெதுவாக, கஷ்டப்பட்டு, நாக்கு நுனியில் 'ர'வை உருட்டி உருட்டிச் சொல்லிப் பார்ப்பது சஞ்சீவனிக்குக் கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆங்கோர்," என்றாள், பின்னால் நின்றவளிடம். பிறகு பரீட்சகரைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.